ஸாலிஹாவின் வட்ட முகம்

மூதூரில் ஆதம்பாவாவின் வீட்டைக் கடந்து போகிறவர்கள், உள்ளே ஒரு பெண்பிள்ளை இருப்பதை முதலில் காதால்தான் அறிவார்கள். ஸாலிஹா மூச்சு விடுகிற சத்தம் வேலிப் படலை வரைக்கும் கேட்கும். நாடு சுதந்திரம் பெற்ற வருடத்தில் பிறந்தவள். நடக்கப் பழகிய காலத்திலேயே முட்டு என்கிற இழுப்பு வருத்தம் நெஞ்சில் வந்துவிட்டது. மாரி மழை தொடங்கினால் அவளுக்குப் படுக்கை கிடையாது. விடிகிற நேரத்தில் சன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தோள் இரண்டும் காதைத் தொடுகிற அளவுக்கு மேலே ஏற, வாயைத் திறந்தபடி நிற்பாள். மற்றப் பிள்ளைகள் கடற்கரைக்கு ஓடும்போது இவள் சன்னலுக்குள்ளே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

குடிக்காத மருந்தில்லை. நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியின் கஷாயம் குடித்தாள். அரசாங்க மருந்துச்சாலையில் எபெட்ரின் குளிசை கொடுத்தார்கள். அது நெஞ்சைத் திறந்துவிடும். ஆனால் குடித்த கொஞ்ச நேரத்தில் இதயம் அடித்துக்கொள்ளத் தொடங்கும், கை நடுங்கும், தேநீர்க் கோப்பை சாசரில் கிடந்து ஆடும், கண்ணில் தூக்கம் என்பதே இருக்காது. முட்டோடு விழித்திருந்தவள் மருந்தோடு விழித்திருந்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருமுறை தலையிடிக்கென்று பெட்டிக்கடையில் வாங்கிய அஸ்பிரின் ஒன்றைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். ஊரே காய்ச்சலுக்கும் உடம்பு நோவுக்கும் விழுங்குகிற குளிசை. இவளுக்கு மட்டும் நெஞ்சை இறுக்கிப் பூட்டிவிட்டது. உதடு நீலம் பாரித்தது. மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். முட்டுக்காரரில் சிலருக்கு அஸ்பிரின் ஆகாது என்று அங்கே சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுடைய உம்மா பரீதா, பிள்ளைக்கு எந்த மருந்தைக் கொடுப்பதென்றாலும் பிஸ்மி சொல்லிக்கொண்டே கொடுத்தாள்.

ஸாலிஹாவுக்குக் கலியாண வயது வந்தது. ஆதம்பாவாவுக்கு வயல் இருந்தது, தோணியில் விறகு ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிற வியாபாரமும் இருந்தது. வீடு வளவு எல்லாம் மகளுக்குத்தான் என்று ஊருக்குத் தெரியும். அதனால் பெண் கேட்டு ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் முன் அறையில் கதிரையில் இருந்து வெற்றிலை போட்டார்கள். திரைக்கு அந்தப்பக்கம் நின்றவளின் மூச்சு, பழைய துருத்தி இழுக்கிறதுபோல், இந்தப்பக்கம் கேட்டது. பிறகு தகவல் அனுப்புகிறோம் என்று சொல்லி எழும்பிப் போனார்கள். தகவல் வரவில்லை. இரண்டாவது ஆட்களும் அப்படித்தான் போனார்கள். ஆதம்பாவா, "விடு பரீதா, பிள்ள எங்களோடயே இரிக்கட்டும்" என்றார். பரீதா விடுகிற ஆள் இல்லை. மகளைக் கூட்டிக்கொண்டு, கடலைக் கடந்து நகரத்துக்குப் போகிற லோஞ்சு என்ற மோட்டார்ப் படகில் ஏறினாள்.

திருகோணமலை நகரத்தில், சந்தைக்குப் பின் தெருவில் குணரத்தினத்தின் மருந்துக்கடை இருந்தது. வெள்ளைக்காரர்களின் கடற்படை இங்கே இருந்த காலத்தில் அவர்களுடைய ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டுகிற வேலை பார்த்தவர் அவர். கடற்படை போன பிறகு சொந்தமாகக் கடை போட்டார். படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை; ஆனால் எல்லோரும் டொக்டர் என்றே கூப்பிட்டார்கள், அவரும் திருத்தவில்லை. நல்ல மனிதர். ஏழைகளை வாசலில் காக்க வைக்க மாட்டார். ஸாலிஹாவின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். பிறகு கண்ணாடி அலுமாரியைத் திறந்து, மிளகளவு வெள்ளைக் குளிசைகள் கொஞ்சத்தை எண்ணிக் கடதாசி உறையில் போட்டார். பிரெட்னிசலோன் என்று பெயர் சொன்னார். வந்து கனகாலமாகாத மருந்து, பெரிய டொக்டர்மார் எழுதுகிற மருந்து என்றார்.

"ஒரு கிழமைக்குக் குடுங்கோ. பிறகு பாதி பாதியாக் குறைச்சு விட்டிடுங்கோ," என்றார்.

மூன்றாம் நாள் காலையில் ஸாலிஹா எழும்பியபோது வீடு வித்தியாசமாக இருந்தது. என்ன வித்தியாசம் என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் இருந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது: அவளுடைய மூச்சுக்குச் சத்தம் இல்லை. அன்றைக்கு அவள் பசி என்று கேட்டுச் சாப்பிட்டாள். குசினியில் நின்ற உம்மா திரும்பிப் பார்க்கும்படி கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். பின்னேரம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின் வேலியால் கடற்கரைக்கு இறங்கினாள். மணலில் ஓடினாள். வயது வந்த பெண் ஓடுகிறாள் என்று மீன் காயவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

கிழமை முடிந்தது. பாதியாகக் குறைத்தார்கள், முட்டு லேசாகத் தலைகாட்டியது. பரீதாவுக்குப் பொறுக்கவில்லை. அடுத்த லோஞ்சில் தனியாகப் போய், குறைத்தால் பிள்ளை படுகிற பாட்டைச் சொல்லி அழுதாள். குணரத்தினம் இன்னும் கொஞ்சம் கொடுத்தார். அதற்கடுத்த முறை பரீதா அழத் தேவையிருக்கவில்லை. பிறகு அவள் போகக்கூடத் தேவையிருக்கவில்லை. லோஞ்சில் போகிற வருகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் குளிசை வந்து சேரும். எத்தனை நாளைக்கு என்று கடையில் யாரும் கேட்கவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

சில மாதங்களில் ஸாலிஹாவின் முகம் நிரம்பத் தொடங்கியது. ஒட்டிய கன்னங்கள் உப்பி, நாடி மறைந்து, முகம் உருண்டு சிவந்து வந்தது. எலும்பாகத் திரிந்த பெண்ணுக்குச் சதை பிடித்துவிட்டது என்று ஊர் சந்தோஷப்பட்டது. கிண்ணியாவிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளை ஜவாஹிர், துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற கிரேன் ஓட்டுபவன். அவனுடைய தாய் திரைக்கு உள்ளே வந்து ஸாலிஹாவின் இரண்டு கன்னத்தையும் கையால் ஏந்திப் பார்த்தாள். "நிலாவப் போல இரிக்கி பிள்ளை" என்றாள். அன்றைக்கே பேச்சு முடிந்தது.

கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை பரீதா மகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினாள்.

"குளிசைக் கதை ஆருக்கும் தெரியக் கூடாது மகள். உன்ட புருஷனுக்கும்தான்."

ஸாலிஹா தலையாட்டினாள். அவளுக்கும் அது ஒரு களவாகத் தெரியவில்லை. பவுடர் டின் ஒன்றைக் கழுவிக் காயவைத்து, குளிசைகளை அதில் போட்டு, அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே வைத்தாள்.

அந்தப் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறினான். கடல் கடந்து வேலைக்குப் போய்வந்தான். முதல் வருடங்கள் நல்ல வருடங்கள். ஜவாஹிர் வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வரமாட்டான். நகரத்து பேக்கரியின் பணிஸ், இல்லாவிட்டால் ஒரு பிடி மல்லிகை. மனைவியின் முகத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருப்பதில் அவனுக்கு ஒரு பெருமை. மகள் பிறந்தாள். அசனா என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு உடம்பு தன் கணக்கைத் தீர்க்கத் தொடங்கியது. முகத்தோடு நிற்காமல் வயிறும் பிடரியும் பருத்தன. கையும் காலும் மட்டும் ஈர்க்கில்போல் மெலிந்தன. வயிற்றுத் தோலில் ஊதா நிறத்தில் வரி வரியாகக் கோடுகள் விழுந்தன. மேலுதட்டில் மயிர் அரும்பியது. கதவு நிலையில் கை தட்டினால் அந்த இடம் கன்றிக் கறுத்தது. சோற்றுப்பானை சுட்ட புண் மாதக்கணக்கில் ஆறவில்லை; பெனிசிலின் ஊசி போட்டுத்தான் ஆறியது. நெஞ்சு எரிகிறது என்றாள். பாலைப் போல வெள்ளையாக ஒரு மருந்து வந்தது, அது எரிவை அடக்கி மலத்தைக் கட்டியது. கால் வீங்குகிறது என்றாள். நீர் பிரிகிற குளிசை வந்தது. அது அவளை நாள் முழுக்க வளவுக்கும் வீட்டுக்கும் நடக்க வைத்து, பின்னேரமானால் கெண்டைக்காலைப் பிடித்து முறுக்கியது. பிறகு தாகம். குடத்தைச் சரித்துக் குடித்தாலும் அடங்காத தாகம். சலரோகம், சீனி வருத்தம் என்றார்கள், அதற்கும் ஒரு குளிசை. இந்த வருத்தங்கள் எல்லாம் அந்தச் சின்னக் குளிசையிலிருந்து வருகிறவை என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அது ஒன்றுதான் நல்ல மருந்து, மற்றதெல்லாம் தலையெழுத்து என்று பரீதா நம்பினாள். கண்ணூறு பட்டுவிட்டது என்று ஓதிய தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

ஊர் மாறிவிட்டது. நிலா என்றவர்கள் இப்போது பூசணிக்காய் என்றார்கள். துறைமுகத்தில் ஜவாஹிரின் கூட்டாளிகள் அவன் மனைவியின் மீசையைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார்களாம். அவன் பேச்சைக் குறைத்தான். மல்லிகை நின்றது.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாரிகாலம். கடல் கொதித்துக்கொண்டிருந்ததால் லோஞ்சு நின்று, ஜவாஹிர் வீட்டில் இருந்தான். அசனாவின் சட்டையைத் தேடி அலுமாரியைக் கிளறியவன் கையில் பவுடர் டின் அகப்பட்டது. இது என்ன என்று கேட்டான். ஸாலிஹாவுக்குப் பொய் சொல்லி அலுத்துவிட்டது. இருந்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். முட்டு இருந்ததை, பெண் பார்க்க வந்தவர்கள் எழும்பிப் போனதை, குளிசையால் முகம் வந்ததை.

ஜவாஹிர் சத்தம் போடவில்லை. டின்னைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப நான் கலியாணம் முடிச்சது உன்னையா, இந்தக் குளிசையையா?"

"என்னைத்தான் முடிச்சீங்க. நான் எப்படி இருப்பன் எண்டு எனக்கே தெரியாது," என்றாள் ஸாலிஹா.

அவன் குசினிக்குப் போய் டின்னை அடுப்பில் கவிழ்த்தான். இனி இந்த வீட்டுக்குள் இது வரக்கூடாது என்றான். பரீதா ஓடிவந்து கையைப் பிடித்தாள், பலனில்லை. ஸாலிஹா தடுக்கவில்லை. அவளுக்கும் உள்ளூர ஒரு ஆசை இருந்தது: இதை விட்டுவிட்டால் வீக்கம் வற்றும், புருஷன் திரும்புவான், எல்லாம் சரியாகும். விட்டால் முட்டு வரும், வந்தால் தாங்கிக்கொள்வோம் என்று நினைத்தாள். வேறு எதுவும் வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. பரீதா களவாக வாங்கி வர ஆள் அனுப்பவும் வழியில்லாமல் லோஞ்சு நின்றிருந்தது. தரைவழியாக ஒருவரை அனுப்பிப் பார்த்தாள். ஆற்றுக்கு ஆறு பாதை என்கிற மிதவையில் ஏறி இறங்கி நகரத்துக்குப் போனவர் வெறுங்கையோடு வந்தார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் கிடைக்காத காலம் அது. குணரத்தினத்தின் அலுமாரியில் அந்தத் தட்டு வெறுமையாக இருந்ததாம்.

சில நாட்களில் ஸாலிஹா எழும்ப மாட்டாமல் கிடந்தாள். குடித்த கஞ்சி வெளியே வந்தது. கையைத் தூக்கித் தலைமயிரை ஒதுக்கவும் பலமில்லை. கண்ணைத் திறந்தால் கூரை சுற்றியது. பிள்ளைத்தாச்சியோ என்று ஒருத்தி கேட்டாள். ஜின் பிடித்திருக்கிறது என்று இன்னொருத்தி சொன்னாள். கடல் கொஞ்சம் அடங்கியதும் முதல் லோஞ்சில் பாயோடு தூக்கிப் போட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே இருந்தவர் டொக்டர் சோமசேகரம். நாடி பார்த்தார், பிரஷர் பார்த்தார். அளவு காட்டுகிற முள் இறங்கிப்போய் அடியில் நின்றது. இவர் என்ன மருந்து எடுக்கிறவர் என்று கேட்டார். சலரோகக் குளிசையையும் நீர்க் குளிசையையும் சொன்ன பரீதா, அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. குளிசையை எரித்த மருமகன் பக்கத்தில் நின்றான். டொக்டர் ஸாலிஹாவின் முகத்தைப் பார்த்தார், மெலிந்த கையைப் பார்த்தார், தாதியிடம் சொல்லி வயிற்றுக் கோடுகளைப் பார்த்தார். பிறகு பரீதாவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, ஒளிக்காமல் சொல்லுங்கோ. சின்ன வெள்ளைக் குளிசை ஒண்டு கனகாலமாக் குடுத்தனீங்களோ? அதை இப்ப நிப்பாட்டிப் போட்டீங்களோ?"

பரீதா அழுதாள். அது போதுமானதாக இருந்தது. சேலைன் ஏற்றி, ஊசியில் அதே மருந்தினத்தை ஏற்றினார்கள். பின்னேரமளவில் ஸாலிஹா தண்ணீர் கேட்டாள்.

டொக்டர் அவர்களைக் கூப்பிட்டு விளங்கப்படுத்தினார். இந்தக் குளிசையில் இருக்கிற சத்தை உடம்பு தானாகவே சுரக்கிறது, வெளியிலிருந்து அதிகமாகக் கொடுத்துக்கொண்டே வந்தால் உடம்பு சுரப்பதை நிறுத்திவிடும், பிறகு திடீரென்று மருந்தை நிறுத்தினால் உடம்பில் இரண்டும் இல்லாமல் போய் ஆளே விழுந்துவிடும் என்றார். முகம் உருளுவது, சீனி ஏறுவது, எலும்பு மெலிவது, புண் ஆறாமல் போவது எல்லாம் இந்த மருந்தை நீண்டநாள் எடுப்பதால் வருகிறவைதான் என்றார். இந்த முகத்துக்கு எங்கள் புத்தகத்திலும் நிலா முகம் என்றுதான் பெயர் என்று அவர் சொன்னபோது, ஜவாஹிர் எழும்பி வெளியே போனான். தான் ஏமாற்றப்பட்டவன் என்று வந்த மனிதன், தானே மனைவியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன் என்பதையும் அங்கேதான் கேட்டான். இரண்டையும் ஒன்றாகச் சுமக்க அவனுக்கு முடியவில்லை போலும். கிண்ணியாவில் தாய் வீட்டுக்குப் போனவன் திரும்பவில்லை. அடுத்த வருடம் அங்கேயே ஒருத்தியைக் கலியாணம் முடித்தான். அறுவடைக்கு அறுவடை மகளுக்கு நெல் அனுப்பினான். அவனைப் பற்றி ஊர் கெட்டதாகப் பேசவில்லை.

ஸாலிஹாவுக்குக் குளிசையை மெல்ல மெல்லக் குறைத்தார்கள். முழுதாக விட ஒருநாளும் ஏலவில்லை; அரைக் குளிசையோடு வாழ வேண்டியிருந்தது. முகம் வற்றியது. வற்றிய பிறகு வந்தது பழைய முகம் இல்லை. காற்றுப்போன பையைப்போல் தோல் தொங்கியது. முப்பது வயது ஆகவில்லை. வீங்கிவிட்டாள் என்று சிரித்தவர்கள் உருகிப்போனாளே என்று இப்போது பரிதாபப்பட்டார்கள். வாப்பா ஆதம்பாவாவும் அதற்கடுத்த வருடம் உம்மாவும் கண்ணை மூடி மௌத்தானார்கள். பரீதா கடைசிவரை மகளுடைய கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. ஏன் என்று ஸாலிஹாவும் கேட்கவில்லை.

அசனாவுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அந்தச் சத்தம் அவளுடைய நெஞ்சில் வந்தது. ஒரு வாடைக்காற்றுக் காலத்தில் மருந்துகள் எதற்கும் கட்டுப்படாமல் போய், ஸாலிஹா அவளைத் தூக்கிக்கொண்டு அதே ஆஸ்பத்திரிக்குப் போனாள். சோமசேகரம் மாற்றலாகிப் போயிருந்தார். புஸ்பராணி என்ற இளம் டொக்டர் இருந்தார். மூச்சுக்குழாய் விரிகிற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார், போதவில்லை. பிரெட்னிசலோன் கொடுக்கச் சொல்லித் தாதியிடம் சொன்னார். அந்தப் பெயர் காதில் விழுந்ததும் ஸாலிஹா கட்டிலுக்குக் குறுக்கே வந்து நின்றாள்.

"அது மட்டும் ஏலாது டொக்டர். வேற என்னத்தையும் குடுங்க."

டொக்டர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்கு விளங்கியது. கோபிக்கவில்லை. ஐந்து நாளைக்கு மட்டும், நானே கொடுத்து நானே நிறுத்துவேன் என்றார். சில நாளைக்கு எடுத்து விடுவது வேறு, வருடக்கணக்காக எடுப்பது வேறு. இப்போது கொடுக்காவிட்டால் பிள்ளை களைத்துப்போய் மூச்சை விட்டுவிடும் என்றார்.

"எனக்கும் ஒரு கிழமைக்கு எண்டுதான் தந்தவங்க."

"பிறகு ஏன் நிப்பாட்டேல்ல?"

ஸாலிஹா பிள்ளையைப் பார்த்தாள். கட்டிலில் அசனாவின் விலா எலும்புக்கிடையில் தோல் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது.

"அதைக் குடிச்ச பிறகுதான் டொக்டர், மூச்சு விடுறது எப்படி எண்டு நான் அறிஞ்சது. அதை எப்படி நிப்பாட்டுற?"

பிறகு அவள் கட்டிலை விட்டு விலகி நின்றாள்.

அடுத்த நாள் பிள்ளை தேநீரில் தோய்த்துப் பாண் தின்றாள். ஐந்து நாளும் டொக்டர் வந்து, தன் கண்முன்னால் குளிசையை விழுங்க வைத்தார். ஆறாம் நாள் கொடுக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. அசனா வார்டின் வராந்தாவில் மற்றப் பிள்ளைகளோடு துரத்தி விளையாடினாள். கன்னம் உப்பவில்லை, ஒன்றுமே இல்லை. தாய்மார் சந்தோஷப்படுகிற அந்த நேரத்தில் ஸாலிஹாவுக்கு வாய் முழுக்கக் கசந்தது. இத்தனை வருடமும் அவள் அந்த மருந்தை வெறுத்து வந்தாள்; வெறுக்க ஒன்று இருந்தது பெரிய ஆறுதலாக இருந்தது. மருந்து நல்ல மருந்து என்றால் இனி யாரைப் பிடிப்பது?

அவள் குணரத்தினத்தைத் தேடிப் போனாள். ஆஸ்பத்திரியால் வெளிக்கிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் பின் தெருவுக்குப் போனாள். கடையில் மகன் நின்றான். கிழவர் பின்னறையில் சாய்வு கதிரையில் இருந்தார். வாதம் வந்து உடம்பின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவள் யாரென்று அவருக்குத் தெரியவில்லை. ஆதம்பாவாவின் மகள் என்றாள். விறகு ஆதம்பாவாவோ என்றார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நாக்கு தடுமாறினாலும் சொன்னது விளங்கியது.

"நான் ஒரு கிழமைக்குத்தானே தங்கச்சி சொன்னனான். உங்கட உம்மாதானே வந்து அழுது கேட்டவ."

அவர் சொன்னது பொய் இல்லை. அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தாள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்று, அழுதால் கொடுத்துவிடுவீர்களா என்பது, லோஞ்சு பாதித் தூரம் போன பிறகுதான் அவளுக்கு வாயில் வந்தது.

பிந்திய வருடங்களில் அவளுடைய முதுகு கூனியது. எண்பத்திரண்டில் கிணற்றடியில் வாளியைத் தூக்கக் குனிந்தபோது இடுப்பெலும்பு முறிந்தது. விழுந்ததால் முறியவில்லை, முறிந்ததால் விழுந்தாள். வார்டில் கிடந்த காலத்தில், நோவுக்கென்று தருகிற குளிசையையும், நித்திரைக்கென்று தருகிற குளிசையையும், பெயர் என்ன, எதற்கு, என்ன கெடுதல் செய்யும், எப்போது நிறுத்துவது என்று கேட்காமல் வாங்க மாட்டாள். தாதிமாருக்கு அது பெரிய கரைச்சலாக இருந்தது. இந்தப் பொம்பளையிடம் பேசி மாளாது என்று, கேட்கிறதுக்குப் பதில் சொல்லாமலே குளிசைகளை மேசையில் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினார்கள். பதில் சொல்லாதவற்றை அவள் குடிக்கவில்லை. நோவோடு கிடந்தாள். படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டி, மழை தொடங்குவதற்கு முதல் மௌத்தானாள்.

ஜவாஹிர் ஜனாஸாவுக்கு வந்தான். ஆண்களோடு நின்று, உடலைச் சுமக்கிற சந்தாக்கைத் தூக்கினான். அடக்கிய பிறகு பெண்கள் இருந்த பக்கத்து வேலியடிக்கு வந்து அசனாவைக் கூப்பிட்டு, தன்னோடு கிண்ணியாவுக்கு வந்து இருக்கும்படி சொன்னான். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடம் முடியட்டும் வாப்பா, அதுவரைக்கும் பக்கத்து வீட்டில் இருக்கிறேன் என்றாள். அவன் கொஞ்சம் தயங்கி, உனக்கும் இந்த முட்டு வருத்தம் இருக்கிறதாமே, உண்மையா என்று கேட்டான்.

"ஓம்," என்றாள் அசனா. "இரிக்கி."

கிண்ணியாவுக்கு வா என்று அவன் திரும்பச் சொல்லவில்லை. லோஞ்சுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு இறங்குதுறைப் பக்கம் நடந்தான்.